கொடி பார்த்துப் பிள்ளை தேடியவள்

கோடை விடுமுறை பிள்ளைகளுக்குத்தான். டீச்சர்களுக்கு அது பிள்ளை பிடிக்கிற காலம். மழலையர் வகுப்பு டீச்சர் ஒவ்வொருவரும் புதிதாக நான்கு பேரைச் சேர்த்தால்தான் பள்ளி திறக்கும்போது நாற்காலி உண்டு என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. ஒருகாலத்தில் மூச்சுவிட இடமில்லாத வகுப்பு அது. போன வருடம் பாதி பெஞ்சுகளை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

வருடக்கணக்காக வீடுவீடாக அலைந்ததில் அவர்களில் ஒரு டீச்சர் ஒரு வித்தை கற்றிருந்தாள். கதவைத் தட்டுமுன் அண்ணாந்து துணி காயும் கொடியைப் பார்ப்பாள். கையகலச் சட்டை தொங்கினால் பிள்ளைக்கு இன்னும் காலம் இருக்கிறது. முழங்கால் தேய்ந்த சின்னக் கால்சட்டை தெரிந்தால் உடனே படியேறிவிடுவாள். இந்த வருடம் கழுத்து வலிதான் மிச்சம். எந்தக் கொடியைப் பார்த்தாலும் பெரியவர்கள் துணி. எப்படியோ மூன்று பேர் தேறினார்கள்.

அவளுக்கே கல்யாணமாகி ஆறு வருடம். கொஞ்சம் காலூன்றிக்கொள்ளலாம் என்று அவளும் லிஃப்ட் மெக்கானிக்கான கணவனும் குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள். வாடகை ஏறியதே தவிர, கால் ஊன்றியபாடில்லை. இப்போது நாள் தள்ளிப்போயிருக்கிறது. பிரசவ விடுப்பில் போன டீச்சர்களைப் பள்ளி திரும்பக் கூப்பிட்டதே கிடையாது. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று வீட்டில் பேசிப் பேசி வாய் ஓய்ந்தது. கடைசியில் கணவன், "நீ என்ன சொல்றியோ அதுதான். ஆனா பயந்துக்கிட்டு சொல்லாத" என்றான்.

நான்காவது பிள்ளை கிடைத்தால் விடுப்பு கேட்கவாவது வாய் வரும் என்று மறுநாளும் கிளம்பினாள். ஒரு மூன்றாம் மாடிக் கொடியில் குட்டிக் குட்டியாக இரண்டு சட்டைகள். ஒன்றில் கரடி பொம்மை. அளவு பார்த்துக்கொண்டிருக்க இது நேரமில்லை. மூச்சிரைக்க ஏறிக் கதவைத் தட்டினாள். திறந்த பெண்ணிடம், பள்ளியில் சேர்க்கிற வயதில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் காலிடுக்கிலிருந்து பச்சைச் சட்டை போட்ட நாய்க்குட்டி ஒன்று வந்து டீச்சரின் செருப்பை முகர்ந்தது.

"இவன்தான் டீச்சர் எங்க வீட்டுப் பையன். சேர்த்துப்பீங்களா? ஃபீஸ் கட்டிடறோம், ஹோம்வொர்க் மட்டும் வேணாம்."

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள். பிள்ளை ஆசை தங்களுக்கு இல்லாமல் இல்லை; ஒருவர் வேலையை விட்டாலும் கடனில் வாங்கிய இந்த வீடு கைவிட்டுப் போய்விடும் என்றாள். பிறகு, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள்.

பிள்ளை இல்லாத டீச்சரை யார் நம்புவார்கள்? அதனால் எல்லா வீட்டிலும் 'ஒரு பையன்' என்றுதான் சொல்லி வந்தாள். அந்தப் பொய்ப் பையன் வருடா வருடம் பாஸாகி இப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தான். இன்றைக்கு அவனைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"இனிமேதான்" என்றாள். சொன்ன பிறகுதான் கணவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதுவே என்று அவளுக்கு உறைத்தது.

நேரே பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியை முன் நின்றாள். மூன்று பேர்தானா என்று அவர் கேட்டார்.

"நாலாவது என் வயித்துல இருக்கு மேடம். லீவு வேணும். திரும்பி வர இடமும் வேணும்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "அது இங்க வந்து சேர நாலு வருஷம் ஆகும்மா. அதுவரைக்கும் பள்ளிக்கூடம் இருக்கணுமே" என்றார். குரலில் கேலி இல்லை. நிர்வாகத்திடம் பேசிப் பார்ப்பதாகவும், உறுதி எதுவும் சொல்ல முடியாதென்றும் சொன்னார்.

வெளியே வந்து கணவனுக்குப் போன் செய்தாள். வேலை என்னாச்சு என்றான்.

"தெரியல."

"அப்ப குழந்தை?"

"அதைப் பெத்துக்கப் போறோம்."