வீணாக்காத பிள்ளை

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு ஆரம்பப் பாடசாலையில் மூன்று வருடம் உதவியாளராக இருந்தேன். உதவியாளர் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். குளிர்ச்சட்டையின் ஸிப்பை இழுத்துவிடுவது, மூக்குத் துடைப்பது, கால்மாறிப் போட்ட சப்பாத்தைக் கழற்றித் திரும்பப் போட்டுவிடுவது. யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். அதை அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிரெஞ்சு தெரியாமல் நாட்டுக்கு வந்த பிள்ளைகளின் வகுப்பு அது. ஆசிரியை இந்த ஊர்க்காரி, நல்ல மனுசி, எந்நேரமும் களைத்த முகம்.

வியாழக்கிழமைகளில் எங்களுக்குக் கணினி அறை. ஏதோ கந்தோரில் வேலைக்கு உதவாது என்று கழித்துவிட்ட கணினிகள், பிள்ளைக்கு ஒன்று. அவற்றில் சிறுபிள்ளைகள் படம் கீறுகிற இலவசப் புரோகிராம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் தூரிகை, அழிறப்பர், கீழே நிறங்கள். வாத்துப் படத்தைத் தெரிந்தெடுத்துத் திரையில் குத்தினால் வாத்து கத்தும். பதினைந்து வாத்து ஒன்றாகக் கத்தினால் மனுசருக்கு விசர் பிடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் பாடம் நல்ல பாடம். ஆசிரியை பிரெஞ்சில் ஒரு குட்டிக்கதை சொல்லுவாள், பிள்ளைகள் கேட்டதைக் கீற வேண்டும். சரியாகக் கீறினால் விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

தொடக்கத்தில் ஒரு கரைச்சல் இருந்தது. படத்தைச் சேமிக்க அமத்தினால், பழைய படத்தை மாற்றவா, புதிதாக வைக்கவா என்று ஒரு கேள்வி வரும். வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் நாலு பக்கமும் நின்று "மதாம், மதாம்" என்று கத்துவார்கள். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. இனிக் கேள்வி கேட்காமல் பழையதையே மாற்றிவிடு என்று எல்லாக் கணினியிலும் மாற்றிவைத்தேன். பிள்ளைகள் ஒவ்வொரு கிழமையும் புதுத் தாள் எடுத்துத்தானே தொடங்குகிறார்கள், ஒன்றும் அழியாது என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணினிகளின் அமைப்பில் கை வைக்கக் கூடாது என்று எங்களுக்கு முதலே சொல்லியிருந்தார்கள்.

அந்த வகுப்பில் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், ஏழு வயது. பாடசாலைக்குள் வாயே திறக்கமாட்டாள். பிரெஞ்சும் இல்லை, தமிழும் இல்லை. தாய் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவள். "வீட்டில எண்டால் வாய் மூடமாட்டா ரீச்சர். இஞ்ச வந்தாத்தான் இப்பிடி," என்றாள். பாடசாலை அதை நம்பவில்லை. பிள்ளைக்கு விளங்கிக்கொள்ளும் சக்தி குறைவு என்று சந்தேகப்பட்டார்கள். வருட முடிவில் கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள்: சாதாரண வகுப்பா, வேறு பாடசாலையில் இருக்கிற விசேட வகுப்பா என்று. விசேட வகுப்புக்குப் போன பிள்ளை திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

ஆனால் அவள் கீறினாள். என்ன மாதிரிக் கீறினாள். கரடியின் சிவப்புக் குடை பாலத்துக்குக் கீழே விழுந்துவிட்டது என்று ஒரு கதை. மற்றப் பிள்ளைகள் குடையைக் கரடியின் கையில் கொடுத்துவிட்டிருந்தார்கள். இவளுடைய குடை பாலத்துக்குக் கீழே தண்ணீரில் மிதந்தது, கரடி மேலே நின்று எட்டிப் பார்த்தது. இன்னொரு நாள், ஐந்து முட்டை வாங்கிய மனுசி இரண்டை உடைத்த கதை. மேசையில் மூன்று முட்டை, நிலத்தில் இரண்டு மஞ்சள் திட்டு. எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது. ஆசிரியை மற்றப் பக்கத்துப் பிள்ளைகளோடு மாரடித்துக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. போய்ச் சொன்னேன். "வருட முடிவில் எல்லாப் படத்தையும் அச்செடுப்போம், கூட்டத்தில் வைப்போம். அதைவிட வேறு என்ன வேண்டும்?" என்றாள். அச்செடுக்க வருடத்தில் ஒருமுறைதான் அனுமதி.

கூட்டத்துக்கு முதல்நாள் மத்தியானம் அச்செடுக்கப் போனேன். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இருபது, இருபத்தைந்து படம் இருந்தது. அவளுடைய கணினியில் ஒரே ஒரு படம். திறந்தேன். வெள்ளை. மூடித் திரும்பத் திறந்தேன், வெள்ளைதான். கரையில் மட்டும் துடைபடாமல் மெல்லிய நீலக் கோடு ஒன்று இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஐப்பசி மாதம், கணினி அறை தொடங்கிய புதிதில், பிள்ளைகள் ஒரு கோடு பிடிக்காவிட்டாலும் உடனே புதுத் தாள், புதுத் தாள் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது திரை, தாள் இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் வயிறு எரிந்தது. யுத்தத்தில், யாழ்ப்பாணத்துக்குத் தாளே வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், கொப்பியின் கரையிலும் கணக்குச் செய்வித்தவள் நான். குனிந்து அவளின் காதுக்குள் சொன்னேன்: "புதுசு புதுசா எடுத்து வீணாக்காத, பிள்ளை. இருக்கிறதைத் துடைச்சுப்போட்டு அதிலயே கீறு. முடிஞ்சாப்போல அடுத்த முறைக்கும் துடைச்சு வை." பள்ளிக்கூடத்தில் பாடம் முடியக் கரும்பலகை துடைப்போமே, அந்தப் பழக்கத்தில் வந்த வாய். ஒரே ஒருமுறை சொன்னேன், பிறகு மறந்தும் போனேன்.

அவள் மறக்கவில்லை. ஒவ்வொரு வியாழனும், மணியடிக்க முதல் நான் குளிர்ச்சட்டைகளை எடுக்க ஓடிய பிறகு, கீறியதை வெள்ளையால் துடைத்து, சேமித்து வைத்திருக்கிறாள். நான் மாற்றிவைத்த புரோகிராமும் ஒரு கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கிறது. அந்த வகுப்பில் சொன்னதைச் சொன்னபடி விளங்கிச் செய்த ஒரே பிள்ளை அவள்தான்.

அந்த வெள்ளைத் தாளை அச்செடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். அதிபர், ஆசிரியை, உளவியலாளர், அரைநாள் லீவு போட்டு வந்த தாய், பக்கத்தில் அவள். தாய்க்கு மொழிபெயர்க்கவும் என்னைத்தான் இருத்தியிருந்தார்கள். "படங்கள் எங்கே?" என்று ஆசிரியை கேட்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கணினியில் கை வைத்தேன், நான்தான் பிள்ளையைத் துடைக்கச் சொன்னேன் என்று இரண்டு வசனம். என்னுடைய அடுத்த வருட வேலைக்கான கடிதம் அதிபரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நான் சொன்னேன்: "நன்றாகக் கீறினாள். பிறகு தானே அழித்துவிடுகிறாள்."

உளவியலாளர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு, அதை எழுதிக்கொண்டார். தான் செய்வதைத் தானே அழிக்கும் பிள்ளை. அவர்களுடைய சந்தேகத்துக்கு அதுவும் ஒரு அடையாளமாகச் சேர்ந்தது. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. விசேட வகுப்பு, வேறு பாடசாலை, சின்ன மஞ்சள் பஸ் வீட்டு வாசலுக்கு வரும். எல்லாவற்றையும் நான் தமிழில் சொன்னேன்.

தாய் அந்த வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள்தானே ரீச்சர், நல்லாக் கீறுறா எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம். கீறினவ. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டா."

அவள் மகள் பக்கம் திரும்பினாள். "ஏன் பிள்ளை அழிச்சனீ?"

பிள்ளை தாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். உதடு லேசாகப் பிரிந்தது. அந்த வருடம் முழுக்க, இவள் ஒரு சொல் பேசிவிட வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியவள் நான். அந்த நேரம் மட்டும், மாதாவே, இவள் வாய் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவள் திறக்கவில்லை.