இடைவெளி விட்ட பெயர்

தினமும் காலையில் தோள்பையைக்கூடக் கழற்றாமல் சாய் யூஃபென் கணினியில் நாலு கோப்புறைகளை உண்டாக்குகிறார். ஒன்றின் பெயருக்கு நடுவில் இடைவெளி, ஒன்றின் தலையில் சிறுகோடு, ஒன்றில் நட்சத்திரக் குறி, இன்னொன்று முழுக்க மேற்கோள் குறிகள். நாலையும் தன் ஸ்கிரிப்டுகளுக்குத் தின்னக் கொடுத்துச் சோதித்த பிறகுதான் சோயா பால் குடிப்பார்.

தைச்சுங்கில், எங்கள் கார்ட்டூன் கம்பெனியில், அவருக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. ஓவியர்கள் தட்டும் கட்டளையை வாங்கிப் பெரிய நிரலிடம் ஒப்படைக்கும் சின்ன ஸ்கிரிப்டுகள் அவர் பொறுப்பு. "நாம கூரியர்காரங்க மாதிரி. வந்தத வந்தபடியே குடுக்கணும். நடுவுல பிரிக்க நாம யாரு?" என்பார். தட்டிய பெயர்களைக் கடத்தும் குறி $@. அதை இரட்டை மேற்கோளுக்குள் போடாவிட்டால் பெயர் இடைவெளியில் இரண்டாக வெட்டுப்படும். அப்படி யாராவது எழுதிவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

பின்னாலிருக்கும் சர்வர் சமர்த்தாக ஓடட்டும் என்று, இந்த ஊர் நம்பிக்கைப்படி அதன் மேல் ஒரு பச்சைத் தின்பண்டப் பொட்டலம் உண்டு. தேதி தீருமுன் மாற்றிவிடுவார். பிரித்தால் பலிக்காது என்று யாரையும் பிரிக்க விடமாட்டார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்த மேற்கோளைப் போடாமல் விட்டவர் அவரேதான். ஓவியர் ஹுங் சிங்யாவ் 'ஆமை பழசு' என்ற கோப்புறையை அழிக்கச் சொன்னார். ஸ்கிரிப்ட் பெயரை இடைவெளியில் வெட்டி, 'ஆமை'யை அழித்தது. 'பழசு' என்று தேடி, காணாமல் திரும்பியது. எட்டு மாதம் வரைந்த ஆமை போனது. வேண்டாத பழசு அப்படியே இருந்தது. நகலும் இல்லை.

அதிலிருந்து ஹுங் எந்தப் பெயரையும் இடைவெளி விடாமல், நடுவில் கீழ்க்கோடு போட்டு ஒட்டித்தான் எழுதுவார். "அந்தப் பச்சைப் பொட்டலத்தக்கூட நம்புவேன், உன்ன நம்பமாட்டேம்மா" என்பார். யூஃபென் சிரித்துவைப்பார். எனக்குத்தான் பார்க்கப் பாவமாக இருக்கும்.

போன வியாழக்கிழமை காலை, சோதனை முடியும்வரை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஹுங், "பன்னெண்டு வருஷமா தெனமும் இதே கூத்து. நகரு" என்று யூஃபென் நாற்காலியில் உட்கார்ந்தார். இப்போது அவர் வரைவது திமிங்கலம். அழிக்கும் கட்டளையைத் தட்டி, 'திமிங்கலம் பழசு' என்று இடைவெளி விட்டே எழுதினார்.

"அண்ணே, திமிங்கலத்துக்கு நகல் எடுத்தீங்களா?" என்று கேட்டார் யூஃபென்.

"எடுக்கல. வேணும்னுதான்."

பொத்தானை அழுத்திவிட்டார். யூஃபென் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி அந்தப் பொட்டலத்தை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"திமிங்கலம் இருக்கு. பழசு மட்டும் போயிருச்சு" என்றார் ஹுங்.

தேதி தீர இன்னும் ஐந்து மாதம் இருந்தது. யூஃபென் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினார்.