தலைக்கு மேலே சன்னல்

1932ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி நாளில் சின்னையாவுக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்துவிட்டதாக ரயில்வே அலுவலகத்துப் பதிவேடு சொன்னது. உண்மையான வயது அவருக்கே தெரியாது. கப்பலிலிருந்து இறங்கிய அன்று ஓர் எழுத்தர் முகத்தைப் பார்த்து எழுதிக்கொண்ட வயது அது. அந்த எழுத்தரின் கணிப்புப்படி அவர் ஓய்வு பெற்றார். மனிதர்களின் வாழ்க்கையில் முக்கியமான தேதிகள் பலவும் இப்படித்தான் முடிவாகின்றன.

மலாய் நாட்டில், கிள்ளான் பக்கத்துத் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்கில் அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை செய்தார். கடைசிப் பதினோரு ஆண்டுகள் மண்டோராக இருந்து மற்றவர்களை வேலை வாங்கினார். உயரமானவர், ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. பேச்சு குறைவு. கெட்டிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. அவர் மேற்பார்த்த பாதையில் வண்டி தடம் புரண்டதும் இல்லை.

ரயில்வே தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் அவரும் மனைவி புஷ்பவல்லியும் குடியிருந்தார்கள். ஒரே மகள் வீரம்மா அந்த அறையில்தான் பிறந்து வளர்ந்து, கட்டிக்கொடுக்கப்பட்டு, சாலாக் செலாத்தானுக்குப் போனாள். வேலை போனால் அறையும் போகும். ஒரு மாதத் தவணை கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு ரப்பர் விலை படுத்துக் கிடந்தது. தோட்டங்கள் மூடப்பட்டன, ஆட்கள் கப்பல் கப்பலாக ஊருக்குத் திரும்பினார்கள். நீயும் போகலாமே என்று கேட்டவர்களிடம் சின்னையா, "அங்க எனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

கிள்ளானிலிருந்து காப்பாருக்குப் போகும் சாலையில் மூன்றாவது மைலான மூன்றாங்கட்டைக்கு அப்பால் ஒரு சிறு மேட்டில் மரத்தாலான ஜெபக்கூடம் ஒன்று இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிறிஸ்தவத் தொழிலாளர்களுக்காகச் சின்ன மிஷன் ஒன்று கட்டியது. தோட்டம் மூடியதும் சபையில் பாதிப்பேர் கப்பலேறினார்கள், மீதிப்பேர் வேலை தேடிச் சிதறினார்கள். ஜெபிக்க ஆளில்லாத கூடத்தை மிஷன் விற்க முன்வந்தது. சாவி உபதேசியார் யேசடியானிடம் இருந்தது. அவர்தான் சின்னையாவை உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார்.

சின்னையா எதையும் பார்க்காமல் தூண்களை விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார்.

"என்ன தட்டுறீங்க? உள்ள யாரும் இல்ல," என்றார் யேசடியான்.

"மரத்தக் கேக்குறேன் ஐயா."

"என்ன சொல்லுது?"

"இன்னும் நாப்பது வருசம் நிப்பேங்குது."

"அப்ப நம்மள விட நல்லா இருக்கு."

தண்டவாளத்துக்கு அடியில் போடும் அதே செங்கால் மரம். கறையான் தொடாது, மழை தின்னாது. சின்னையா அறிந்த உலகில் நம்பத்தக்க பொருள் அது ஒன்றே. அன்றே வாங்குவதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் புஷ்பவல்லியை அழைத்து வந்தார். அவள் உள்ளே போனாள். கூடத்தின் நடுவில் சிறிது நேரம் நின்றாள். சுவரோரமாக ஒரு சுற்று நடந்தாள். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "இதுல நான் இருக்க மாட்டேன்," என்றாள்.

சின்னையா ஏன் என்று கேட்கவில்லை. முப்பது ஆண்டுகால மணவாழ்க்கையில் அந்தக் கேள்வி அவர்களுக்குள் புழக்கத்தில் இல்லை. லயத்து அறையைக் காலி செய்த அன்று அவள் தன் சாமான்களோடு ரயிலேறி மகள் வீட்டுக்குப் போனாள். அங்கே ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும். மருமகன், மகள், நான்கு பிள்ளைகள். அவர் ஒரு பாயும் ஒரு பானையுமாக ஜெபக்கூடத்துக்குக் குடிபோனார். இந்த வயதில் புருசன் ஓரிடம் பெண்டாட்டி ஓரிடம் என்று ஆகிவிடுமோ என்பதுதான் அவருடைய கவலை. வெளியே சொல்லவில்லை, ஆனால் அந்த ஆறு வாரம் அவர் வேலை செய்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்தது.

அவள் மறுத்த காரணம் தெரியும் என்று அவர் நினைத்தார். அது வேதக்கோயில். அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள். கேங்கில் அவருக்குக் கீழே வேலை செய்த நாகையாவும் அதையே சொன்னான்.

"பொணத்தக் கொண்டாந்து வச்சு ஜெபம் பண்ணுன எடம் அண்ணே. அண்ணி எப்படி அதுல சோறாக்கும்?"

"சுத்தம் பண்ணிட்டா?"

"பண்ணிட்டா சரிதான். எல்லா எடத்துலயும் எவனோ ஒருத்தன் செத்துத்தான இருக்கான்."

ஒரு கருத்தை இரண்டு பேர் ஏற்றுக்கொண்டால் அது உண்மையாகிவிடுகிறது. மூன்றாவது ஆளை, அதுவும் சம்பந்தப்பட்ட ஆளை, கேட்க வேண்டும் என்று பிறகு யாருக்கும் தோன்றுவதில்லை.

சின்னையா கூரை உச்சியிலிருந்த சிலுவையை இறக்கித் துணியில் சுற்றி உபதேசியாரிடம் ஒப்படைத்தார். கிழக்குக் கோடியில் பீடம் இருந்த மேடையைப் பெயர்த்து எடுத்தார். நாற்பதடி நீளக் கூடத்தைப் பலகைத் தடுப்புகளால் மூன்றாகப் பிரித்தார். நாகையா ஓய்வு நாட்களில் வந்து இழைப்புளி தள்ளினான். கிள்ளானிலிருந்து வந்த பண்டாரம் திசை பார்த்து, அடுப்பு தென்கிழக்கு மூலையில்தான் இருக்க வேண்டும் என்றார். அங்கே மண்ணடுப்பு வைக்கப்பட்டது. பெஞ்சுப் பலகைகளெல்லாம் கதவாகவும் அலமாரியாகவும் மாறின. மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்பட்டது. பசுவை உள்ளே நடத்தி அழைத்துப்போக வேண்டும் என்றார் பண்டாரம். பசு மூன்று படி ஏறி, நாலாவது படியில் நின்றுவிட்டது.

"தள்ளுய்யா," என்றார் பண்டாரம்.

"நீங்க மந்திரத்தச் சொல்லுங்க, நான் வாலப் பிடிக்கிறேன்," என்றான் நாகையா. "ரெண்டுல ஒண்ணுக்கு ஏறும்."

எதற்கு ஏறியது என்று சொல்வதற்கில்லை. ஏறியது.

குடிபுகும் நாளுக்குப் புஷ்பவல்லி மகளோடு வந்தாள். மறுக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. பாலைக் காய்ச்சினாள். பொங்கியதும் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். சமைத்தாள், பரிமாறினாள். சின்னையா அவளுடைய ஒவ்வோர் அசைவையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு குறைவாகச் சாப்பிட்டார். காரியம் முடிந்துவிட்டது என்றே அவருக்குப் பட்டது. பிறகு அவள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"நாலு மணி வண்டிக்கு நேரமாச்சு. கெளம்பு."

சின்னையா எழுந்து நின்றார்.

"எங்க கெளம்புற?"

"வீரம்மா வீட்டுக்கு."

"எல்லாந்தான் பண்ணியாச்சே. சிலுவைய எறக்கியாச்சு, பண்டாரம் வந்தாச்சு, பசு வந்தாச்சு. இன்னும் என்ன தீட்டு இருக்கு இங்க?"

"தீட்டா?" புஷ்பவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தீட்டுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

அவர் நாகையாவைப் பார்த்தார். நாகையா கூரையைப் பார்த்தான்.

"அவுங்க சாமி கும்புட்ட எடந்தானே. குடிச்சு வெட்டிக்கிட்ட எடமா? எனக்கு அதுல என்ன?"

"பின்ன ஏன் இருக்க மாட்டேன்னே?"

இதுதான் அவர் முதல் தடவையாகக் கேட்டது.

"இப்படி உக்காருங்க," என்றாள் அவள். "தரையில. நான் உக்கார்ற மாதிரி."

சின்னையா தயங்கிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"என்ன தெரியுது?"

அவர் சுற்றிப் பார்த்தார். பக்கத்துக்கு நான்கு சன்னல்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால், தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தவை எல்லாவற்றிலும் வானம் தெரிந்தது. ஒன்றில் மட்டும் ஒரு தென்னை மட்டையின் நுனி.

"மேகம் தெரியுது," என்றார்.

"எந்திரிங்க. இப்ப?"

எழுந்ததும் சாலை தெரிந்தது. ஒரு மாட்டுவண்டி காப்பார் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"ஒங்களுக்குத் தெரியும். நான் நின்னாலும் தெரியாது," என்றாள் புஷ்பவல்லி. அவள் அவருடைய தோளுக்கும் கீழேதான் இருந்தாள். "வாசக்கதவத் தொறந்தா ரப்பர் காடு. தோட்டத்த மூடியாச்சு, அந்தப் பக்கம் நாய் கூட வராது. லயத்துல எனக்கு இருந்தது பத்தடிதான். ஆனா காலையில அடுப்பு மூட்டுனதுலேருந்து நாலு பேரு மொகத்தப் பாப்பேன், நாலு வார்த்த பேசுவேன். ஒங்களுக்குப் பேச்சு வேணாம், மரம் போதும். நாளைக்கு நீங்க போயிட்டீங்கன்னா, நான் இந்தப் பொட்டிக்குள்ள உக்காந்து மேகத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"அம்மா, நல்ல நாளும் அதுவுமா..." என்றாள் வீரம்மா.

"அவரு கேட்டாரு, சொன்னேன்."

சின்னையா மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். ஆறு வாரம் அந்தக் கட்டடத்துக்குள் அறுத்தும் அடித்தும் திரிந்தவர், தின்பதற்குக்கூட வெளிப்படியில்தான் உட்கார்ந்திருந்தார். வீடு கட்டுகிறவன் வீட்டில் நிற்கிறான், குடியிருக்கிறவள் உட்காருகிறாள். ஒரு கட்டடத்தில் அதைக் கட்டியவர்களின் எண்ணம் தங்கிவிடுகிறது என்று நம்புவோர் உண்டு. தங்குவது எண்ணமல்ல, அளவு. மஞ்சள் தண்ணீர் அளவைத் தொடுவதில்லை.

"எந்த எடத்துல வேணும்?" என்று கேட்டார்.

"என்னது?"

"சன்னலு. எந்த எடத்துல வெட்டணும்?"

அன்று நாலு மணி வண்டியில் வீரம்மா மட்டும் போனாள். அதனால் புஷ்பவல்லி தங்கிவிட்டாள் என்று பொருளல்ல. இடத்தைக் காட்டிவிட்டு மறுநாள் வண்டிக்குப் போவதாகத்தான் சொல்லியிருந்தாள். துணிமூட்டையைப் பிரிக்கவில்லை. நாகையாவும் அன்று அங்கேயே படுத்துக்கொண்டான்.

காலையில் அவள் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு சாலைப்பக்கத்துச் சுவரோரம் இங்கும் அங்குமாக உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் ஓரிடத்தில் அமர்ந்து, ஒரு கத்தரிக்காயை நறுக்கத் தொடங்கினாள். சின்னையா குனிந்து, அவள் தாடைக்கு நேராகப் பலகையில் பென்சிலால் கோடு போட்டார்.

"இன்னும் கீழ," என்றாள், தலையைத் தூக்காமல். "குனிஞ்சு நறுக்குறப்பவும் தெரியணும்."

இன்னும் கீழே போட்டார்.

கோட்டிலிருந்து மேலே அறுக்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் ரம்பம் வேறொரு மரத்தில் இடித்தது. பலகையைப் பெயர்த்ததும் உள்ளே பழைய சன்னல் சட்டம் ஒன்று தெரிந்தது. இடுப்பளவு உயரத்தில் ஒரு காலத்தில் சன்னல் இருந்து, பின்னால் பலகை வைத்து அடைக்கப்பட்டிருந்தது. பக்கத்துப் பலகைகளையும் பெயர்த்துப் பார்த்தார்கள். சாலைப்பக்கத்து நான்குக்கும் அப்படியே.

வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பத்து மணிவாக்கில் வந்த யேசடியான் அதைக் கண்டு சிரித்துவிட்டார்.

"முன்னாடி கீழதான் இருந்துச்சு. ஞாயித்துக்கெழம நான் பிரசங்கம் பண்ணுவேன், பொம்பளைங்க அத்தன பேரும் ரோட்டுல போற வண்டிய எண்ணிக்கிட்டு இருப்பாங்க. மிஷன் தொரைகிட்டச் சொல்லி மேல தூக்கி வச்சோம்."

"அப்புறம் பிரசங்கம் கேட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து புஷ்பவல்லி கேட்டாள்.

"அப்புறம் தூங்குனாங்கம்மா."

நடுப்பகலுக்குள் ஒரு சன்னல் முழுவதுமாகத் திறந்துவிட்டது. பழைய சட்டத்துக்கும் கீழே இன்னொரு சாண் வெட்ட வேண்டியிருந்தது. ஜெபிக்க வந்த பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், இவள் தரையில் உட்காருகிறவள். விளிம்பைச் சீவக்கூட அவள் விடவில்லை. அரிவாள்மனையோடு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் சாலையில் எதுவும் வரவில்லை. சின்னையா ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். யாராவது வர வேண்டுமே என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தால் அதில் வியப்பில்லை.

தோளில் கம்பும் இரு பக்கமும் கூடைகளுமாக ஒரு சீனக் கீரைக்காரர் வந்தார்.

"ஓய்! சாவி பெராப்பா?" என்று மலாயில் சாவிக்கீரையின் விலையைக் கேட்டுக் கூப்பிட்டாள் புஷ்பவல்லி.

சுவருக்குள்ளிருந்து, அதுவும் பழைய சன்னலுக்கு வெகு கீழேயிருந்து, விலை கேட்கும் குரல் வந்ததில் அவர் இரண்டு அடி பின்வாங்கினார். பிறகு முகத்தைக் கண்டு சிரித்தபடி மேட்டில் ஏறி வந்து கூடையை இறக்கினார். விலை சொன்னார். அவள் பாதி கேட்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் கீரை வாடியிருக்கிறது என்றாள். தமிழும் மலாயும் சீனமும் கலந்து அது நெடுநேரம் நடந்தது. அவளுடைய குரல் சாலை வரைக்கும் கேட்டது. பேரம் பேசும் அந்தக் குரலைச் சின்னையா கேட்டு ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கீரைக்கட்டை வாங்கி வைத்துவிட்டு, வண்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நாகையாவைக் கூப்பிட்டாள்.

"நாகையா, சாலாக் பக்கம் எப்பப் போற?"

"நாளைக்கு வேல அங்கதான் அண்ணி."

"வீரம்மாகிட்ட என் அம்மிய ஏத்தி அனுப்பச் சொல்லு."

"அம்மியா? அதுக்குத் தனியா டிக்கெட்டு கேப்பானுங்களே."

"இவரு மண்டோரா இருந்தாருல்ல? அந்த மரியாதைக்கு ஒரு கல்லக் கூடவா ஏத்த மாட்டானுங்க?"

சின்னையா இரண்டாவது சன்னலுக்குப் போய் மீதிப் பலகைகளைப் பெயர்க்கத் தொடங்கினார்.

அம்மி வியாழக்கிழமை சரக்கு வண்டியில் வந்தது. குழவியை வீரம்மா மறந்துவிட்டாள். அது அடுத்த வாரம்தான் வந்தது. இடையிலிருந்த நாட்களில் புஷ்பவல்லி ஓர் உருண்டைக் கல்லைக் கழுவி வைத்துக்கொண்டு மிளகாய் அரைத்தாள்.