பித்தானின் மூக்கும் அத்தையின் புறங்கையும்

உலகத்திலேயே துல்லியமான வெப்பமானி என் அத்தையின் புறங்கைதான். சூரியனையே இறக்கிக் கையில் கொடுத்தாலும், "பருத்திக்கு ஆகும், பட்டுக்குக் கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லிவிடுவாள்.

இருபது வருஷமாகத் துணி தேய்க்கிறாள். ஒரு மேஜை, ஒரு இஸ்திரிப் பெட்டி, மூலையில் கரி மூட்டும் அடுப்பு. கடை அவ்வளவுதான். பெட்டியின் அடியில் புறங்கையை ஒட்டாமல் கொண்டுபோவாள், சூடு பிடிபட்டுவிடும். அதே கையால் தினமும் காலையில் பித்தானின் மூக்கைத் தொடுவாள். பித்தான் எங்கள் நாய். குட்டியாக இருந்தபோது வாடிக்கையாளர் சட்டையிலிருந்து ஒரு பித்தானை விழுங்கி வாங்கிய பெயர். மூக்கு ஜில்லென்று ஈரமாக இருந்தால்தான் அத்தை முதல் சட்டையை விரிப்பாள்.

அடைமழை பெய்த ஒரு காலை. நான் கரி மூட்டி முடித்திருந்தேன். அத்தை கடைக்குள் வந்ததும் பித்தான் எழுந்து அவளிடம் ஓடியது. தொட்டவள் கையை எடுக்கவில்லை.

"ஏண்டி, இங்க வா. மூக்கு காஞ்சு போயி கொதிக்குது."

"பருத்திச் சூடா, பட்டுச் சூடா அத்தை?"

வழக்கமாக இதற்கு ஒரு குட்டு விழும். அன்று விழவில்லை. மதியம் கொடுக்கவேண்டிய பதினாறு சட்டைகளையும் போட்டது போட்டபடி விட்டு, நாயைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். நான் குடை பிடித்தேன். பித்தானுக்கு ஒரே குஷி. வழியெல்லாம் அவள் காதை நக்கியது.

"இது பொழைச்சிடும்ல?" என்றாள், கால்நடை மருத்துவமனை வாசலில். என்னிடம் அவள் யோசனை கேட்டது அதுதான் முதல்முறை.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், காய்ச்சல் அளந்தார்.

"காய்ச்சல் இல்ல. சாப்பிட்டானா?"

"ரெண்டு ரொட்டி. இவளோடதையும் சேர்த்து."

"அப்ப கவலைப்படாதீங்க. தூங்கும்போது நாய் மூக்கை நக்காது, அதனால காஞ்சு சூடாயிடும். எழுந்து கொஞ்ச நேரத்துல சரியாயிடும். வெயில்ல, அடுப்புப் பக்கம் படுத்தாலும் இப்படித்தான். மூக்கை மட்டும் வெச்சு நோய்னு சொல்ல முடியாது. சாப்பிடாம சுருண்டு கிடந்தா, மூக்கு வெடிச்சுப் புண்ணானா, உடனே தூக்கிட்டு வாங்க."

"அடுப்புப் பக்கம் இது எங்க படுக்குது? வாசல் சாக்குலதான் கிடக்கும்."

சுவரில் குடற்புழுக்களின் படம் ஒன்று மாட்டியிருந்தது. நான் அதை ரொம்ப அக்கறையாகப் படித்தேன்.

கடைக்குத் திரும்பியதும் அத்தை நேராக அடுப்பு மூலைக்குப் போய்க் குனிந்தாள். அங்கே என் கம்பளிச் சட்டை கிடந்தது, மேலெல்லாம் நாய் முடியோடு.

"அதுவே இழுத்துட்டு வந்திருக்கும் அத்தை. திருட்டு நாய்."

"ஆமா. இழுத்துட்டு வந்து, ரெண்டு கையையும் உள்ள மடிச்சு, நான் சொல்லிக்குடுத்த மாதிரியே சுருக்கமில்லாம நீவி விட்டுட்டுப் படுத்துதாக்கும்."