புனிதமலர் இடம் பார்க்கிறார்

நாற்காலியின் கால்கள் ஏரிக்கரைச் சேற்றில் இன்னும் சரியாகப் பதியவில்லை. அதற்குள் புனிதமலர் எழும்பிவிட்டார். "இது சரிவராது." பிளாஸ்டிக் நாற்காலியைக் குடம்போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இடம் குறிக்கக் கரையில் நட்ட அடுத்த முளைக்கு நடக்கிறார். அங்கே போட்டு, உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, மூக்கை மட்டும் தண்ணீர்ப் பக்கம் நீட்டுகிறார். பின்னால் தூண்டில் பெட்டிகளைச் சுமந்து நிற்கும் ஆண்கள், பூசையில் எப்போது முழங்காலில் நிற்பது என்று தெரியாத புதுச் சனங்கள்போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

"மீன் இருக்கு. ஆனா கோவத்திலை இருக்கு," என்கிறார் கண் திறக்காமல். "எழும்புங்கோ எல்லாரும், அங்காலை போவம்."

உட்கார்ந்திருந்தது அவர் ஒருவர்தான்.

இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தாத் தெருப் பக்கத்து மாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுவது புனிதமலரின் தொழில். மேலிருந்து கீழே கழுவிக்கொண்டு வருவது உலக வழக்கம். அவருடையது கோப்பி வழக்கம். "மூண்டாம் மாடிச் சிஞ்ஞோரா பத்து மணிக்குக் கோப்பி போடுவா. அந்த நேரம் நான் ஆறாம் மாடியிலை நிண்டு என்ன செய்யிறது?" அதனால் அந்தக் கட்டடத்தில் மூன்றாம் மாடிப் படிகளில் மட்டும் முகம் பார்த்துத் தலை வாரலாம். மற்ற மாடிகளில் வசிப்பவர்களுக்கு இதுவரை காரணம் விளங்கவில்லை.

கலியாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மற்றப் பெண்கள் பொம்பிளையின் சேலையைப் பார்ப்பார்கள். புனிதமலர் குசினிக் கதவைப் பார்ப்பார். "றோல்ஸ் வாற வழியிலை இருக்கவேணும். மேடைக்குக் கிட்ட இருந்தா வீடியோவிலை வருவம், வயித்துக்கு ஒண்டும் வராது." கபோச் சந்தையில் எந்தக் கடையில் தக்காளி வாங்குவது என்று கேட்டால் விலைப்பலகையைப் பார்க்கவே மாட்டார், நின்று காதைத் தீட்டுவார். "கூவிக் கூவித் தொண்டை அடைச்சவனிட்டைப் போங்கோ. அவனுக்கு வீட்டை போற அவசரம், குடுத்துப்போட்டு ஓடப் பாப்பான்." செத்தவீடுகளில்கூட, அழவும் வசதியாக, மின்விசிறியும் படக்கூடியதாக ஒரு மூலை அவருக்கு அகப்பட்டுவிடும்.

இப்படிப்பட்ட மனுசியைக் கடவுள் ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து விட்டது கிறிகோரியால்தான். கிறிகோரி அவருடைய கணவர். வயதான ஒரு வக்கீலைப் பராமரிக்கும் வேலை. 'அவ்வொக்காத்தோ' என்று இத்தாலியத்தில் மரியாதையாகச் சொல்வார். நகரத்துக்குப் பின்னால் மலையேறினால் வரும் ஏரிக்கு அவ்வொக்காத்தோவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய் மீன் பிடிக்க வைத்தார். கிழவரின் கை நடுங்கத் தொடங்கியதும் தூண்டில்கள் கிறிகோரியின் கைக்கு வந்தன. கிறிகோரியிடமிருந்து அந்த மீன்பிடி வருத்தம் கோயில் வளவுத் தமிழ் ஆண்கள் எல்லோருக்கும் தொற்றியது. ஓர் அணி சேர்த்து ஏரிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள்.

முதல் வருடப் போட்டிக்கு நம் அணி போன கோலத்தை அந்தக் கரை இன்னும் மறக்கவில்லை. பெரிய பானை, தேங்காய்ப்பால், கரைத்த புளி, கறித்தூள், எல்லாவற்றுடனும் போய் இறங்கி, நடுவரின் தராசுக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டியாயிற்று. பிடித்த மீனை உயிரோடு வலைப்பையில் வைத்திருந்து, நிறுத்து, திரும்ப ஏரியில் விடவேண்டும் என்பது விதி. அது யாருக்கும் தெரியாது. நடுவர் பானையைப் பார்த்தார். பானையோடு நின்ற புனிதமலர் நடுவரைப் பார்த்தார். "விடுறதெண்டால் பிடிச்சது ஏனாம்? மன்னாரிலை இப்பிடிச் செய்தா ஆளைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கெல்லோ கொண்டுபோவாங்கள்!" கடைசியில் சந்தியில் முட்டை வாங்கிவந்து அந்தப் புளியில் குழம்பு வைத்தார்கள். அடுத்த வருடம் நடுவர் வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, பானை எங்கே என்பதுதான்.

அந்தப் போட்டியில் சீட்டுக் குலுக்குவார்கள். சீட்டில் இருப்பது இடத்தின் இலக்கம் அல்ல, முறையின் இலக்கம். முதல் முறை வந்தவர் கரையில் நட்ட முளைகளுக்குள் விரும்பியதை முதலில் எடுக்கலாம், மிச்சத்தில் மற்றவர்கள். இடம் பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதி மீன் பைக்குள் வந்த மாதிரி. இதைக் கேள்விப்பட்ட நாளே புனிதமலர் நாற்காலியைத் தூக்கிவிட்டார். தூண்டிலை மட்டும் அவர் இன்றுவரை தொட்டதில்லை.

ஆண்கள் முதுகில் காற்றுப் படும்படி நிற்கத்தான் ஆசைப்படுவார்கள். அவர் விடமாட்டார். "காத்து மூஞ்சையிலை அடிக்கிற கரைக்குப் போங்கோ. காத்து எல்லாச் சாப்பாட்டையும் அள்ளிக்கொண்டுவந்து அங்கைதான் ஒதுக்கும். மீனும் பந்திக்கு வாற ஆள்தானே." முளையடியில் குனிந்து சிகரெட் கட்டைகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து ஆராய்வார். அணித் தலைவர் றஞ்சித் இதைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார். றஞ்சித் தூண்டில் பிடிப்பதில்லை. தலைவருக்கு எதற்குத் தூண்டில் என்பது அவர் நியாயம். தொப்பி போட்டுக்கொண்டு கரைநெடுகச் சத்தம் போடுவதோடு சரி.

"கட்டை கிடந்தா மீன் கடிச்சதெண்டு அர்த்தமோ அக்கா? கடிக்காத விசரிலைதான் மனுசன் கூடப் பத்துவான்."

"நீளத்தைப் பாரும் தம்பி. கடிக்காட்டி அடிமட்டும் இழுப்பான். கடிச்சா பாதியிலை எறிஞ்சுபோட்டுத் தூண்டிலுக்குப் பாய்வான். இது பாதி."

கணிப்புப் பிழைப்பதும் உண்டு. ஒருமுறை அணி முழுவதையும் காற்றுக் கரையில் வரிசையாக நிறுத்தினார். பத்து நிமிடத்தில் காற்று மறுபக்கம் திரும்பியது. ஒருவர் பையிலும் ஒரு மீன் இல்லை. "காத்து என்ன என்ரை சித்தப்பாவோ, நான் சொல்லக் கேக்க?" என்று கேட்டுவிட்டு, பழியை இரண்டு வாத்துகளின் தலையில் போட்டார். இன்றைக்கும் அந்த வாத்துகளோடு கதையில்லை.

இந்தத் தவக்காலத்தில் அவ்வொக்காத்தோ காலமானார். பிள்ளைகள் வடக்கிலிருந்து வந்து அடக்கம் செய்து, வீட்டைப் பூட்டி, கிறிகோரியின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். கிறிகோரி சொந்தக்காரர் அல்ல, அதனால் அவரிடம் வந்து துக்கம் விசாரிக்க ஆளில்லை. கோயில் வாசலில் நின்றவர்கள், "வக்கீல் கிழவனுக்குத் தாடி வளக்கிறார்," என்று பகிடிவிட்டார்கள். கிறிகோரி கதையை நிறுத்திவிட்டார். ஓம், இல்லை, பசிக்கேல்லை: அவ்வளவுதான் வாயில் மிஞ்சியது. நாள் முழுக்கத் தொலைக்காட்சிக்கு மேலே இருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியைப் பார்த்தால்கூடப் பரவாயில்லை என்று புனிதமலருக்கு இருந்தது.

ஊருக்கெல்லாம் இடம் பார்த்துக் கொடுத்தவருக்கு, தன் மனுசனை எங்கே இருத்துவது என்று தெரியவில்லை. பல்கனியில் இருத்திப் பார்த்தார். மொந்தெல்லோக் கடற்கரையில் இருத்திப் பார்த்தார். கோயிலில் அந்தோனியாருக்கு நேர் முன்னால், புனிதருக்கே வெட்கம் வரும் தூரத்தில் இருத்திப் பார்த்தார். எங்கே இருத்தினாலும் கிறிகோரி சுவர் பார்க்கும் கண்ணோடுதான் இருந்தார். பிரசங்கம் வைக்கும் சாமியாரையும் சுவராக நினைத்துத்தான் பார்த்தார்.

அப்படியிருக்க, போட்டிக்கு அவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கிறிகோரி பைக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் ஒன்று என்றிருந்தது. முதல் முறை! றஞ்சித் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். அது ஒரு மரத்தில் போய்த் தங்கிவிட்டது. "கோப்பை எங்களுக்குத்தான்! அக்கா, நாணல் மூலை! யோசியாதையுங்கோ!"

நாணல் மூலை என்றால் கெண்டை மூலை. கரை திடீரென்று ஆழமாகும் இடம்; அடியில் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது; ஒவ்வொன்றும் கைக்குழந்தைப் பாரத்தில் மீன். புனிதமலர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காற்று நேரே முகத்தில் அடித்தது. தண்ணீரில் சோடாப்போல குமிழி வந்தது. முளையடியில் கிடந்த கட்டைகள் எல்லாம் பாதிக்கு மேல் மிச்சம்.

"அருமையான இடம்," என்று சொல்லிவிட்டு எழும்பினார். நாற்காலியை இடுக்கினார். மூலையைத் தாண்டி, கரைநெடுக, கார்கள் நிறுத்துமிடம் வரைக்கும் நடந்தார். அங்கே கடலைமாப் பொரியல் விற்கும் வான் வண்டிக்குப் பக்கத்தில், யாரும் எடுக்காத முளையடியில் நாற்காலியைப் போட்டு, "இதுதான்" என்றார்.

யாரும் எடுக்காததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அங்கே விரல் நீளக் குஞ்சுமீன் மட்டும்தான். மற்றது, அடுத்த முளையில் தொன் பிப்போ. முழங்கால் பழுதான கிழவர் என்பதால் நடுவர்கள் காரடி முளையை அவருக்கு நிரந்தரமாகவே விட்டிருந்தார்கள். வாய் மூடமாட்டார். அவருடைய பித்தப்பைச் சத்திரசிகிச்சையின் முழுவிபரமும் அந்த ஏரி மீன்களுக்கே பாடம்.

றஞ்சித் ஓடிவந்தார். "அக்கா, உங்களுக்கு மண்டை பிழைச்சிட்டுதோ? இஞ்சை மீன் என்ரை சுண்டுவிரல் அளவுகூட வராது!"

"உம்மடை சுண்டுவிரலுக்கு என்ன குறை?"

"கோப்பை போகப்போகுது!"

"போகட்டும். போன வருசக் கோப்பையிலை தேத்தண்ணியோ குடிச்சனீர்?"

"ஏனெண்டாவது சொல்லுங்கோவன்!"

புனிதமலர் குரலைத் தாழ்த்தினார். "கெண்டை எண்டா காத்திருக்கவேணும் தம்பி. வீட்டிலை சுவரைப் பாக்கிறது காணாதெண்டு இஞ்சை வந்து தண்ணியையும் பாக்க விடச் சொல்லுறீரோ? இது கைக்கு ஓய்வில்லாத இடம். பக்கத்திலை பிப்போ. அந்தாளுக்குப் பதில் சொல்லாமல் ஒரு மனுசர் இருக்கேலாது."

நாணல் மூலையை ஒரேத்தோப் பக்கத்துத் தண்ணீர்க்குழாய்க்காரர் ஒருவர் கும்பிட்டுக்கொண்டு எடுத்தார். முதல் அரைமணியிலேயே அவருக்கு ஒரு கெண்டை. றஞ்சித்தின் முகம் புளிக்கரைசல் ஆயிற்று.

கிறிகோரிக்குத் தக்கை போட்டதும் தாழ்ந்தது. இழுத்தால் ஒரு குஞ்சு. கழற்றி, புழுக் குத்தி, போட்டால் திரும்பவும் தாழ்ந்தது. சுவர் பார்க்க நேரமில்லை. பிப்போ பித்தப்பையை முடித்து, மருமகளைத் தொடங்கி, மருமகளை முடித்து, கிறிகோரி கையிலிருந்த தூண்டிலில் வந்து நின்றார். அது அந்த வக்கீலின் தூண்டில் அல்லவா? அந்த மனுசன் இந்த ஏரியில் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. சந்தையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவதாக அல்லவா கேள்வி?

"நோ!" என்றார் கிறிகோரி.

புனிதமலர் நாற்காலியோடு ஒருதரம் துள்ளினார்.

"நோ, நோ, நோ!" கிறிகோரி முழுதாகத் திரும்பிவிட்டார். "யார் சொன்னது? நான் கூட நிண்டனான்! இந்தக் கண்ணாலை பாத்தனான்!" பாதி இத்தாலியம், பாதி தமிழ், மிச்சம் கைகள். ஒருநாள் ஒரு பெரிய கெண்டை பிடித்து இழுத்த இழுப்பில் சக்கர நாற்காலி அவ்வொக்காத்தோவோடு சேர்ந்து ஏரியை நோக்கி உருளத் தொடங்கியதாம். கிறிகோரி பாய்ந்து கிழவரைப் பிடித்தாராம். "என்னை விடடா, தூண்டிலைப் பிடி!" என்று கிழவர் கத்தினாராம். "மாதாவே! நான் ஆரைப் பிடிக்கிறது? ஆளைப் பிடிச்சா மீன் போயிடும், மீனைப் பிடிச்சா என்ரை வேலை போயிடும்!"

பிப்போ பிழைத்த முழங்காலில் அடித்து அடித்துச் சிரித்தார். அடித்தபின் நோவில் கத்தினார். கத்திக்கொண்டே, "பிறகு? பிறகு?" என்று கேட்டார். கிறிகோரி தூண்டிலைத் தாங்கியில் வைத்துவிட்டு எழும்பி நின்று, இல்லாத நாற்காலியைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் தக்கை தாழ்ந்தது. குஞ்சுமீனின் நுள்ளல் அல்ல, ஒரேயடியாக உள்ளே. தாங்கியில் கிடந்த தூண்டில் வளைந்து தண்ணீரைக் கும்பிட்டது. வழிதவறி வந்த ஏதோ பெரிய கெண்டை. கிறிகோரி தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதையில் அவ்வொக்காத்தோவின் செருப்பு ஒன்று ஏரியில் மிதந்துபோன இடத்தில் நின்றார்.

றஞ்சித் கண்டுவிட்டார். "அண்ணை, த—"

புனிதமலர் எட்டி றஞ்சித்தின் பிடரியை ஒரு கையால் பிடித்து, மறு உள்ளங்கையால் அவர் வாயை இறுகப் பொத்தினார்.