உடைஞ்ச ஓட்ஸ் பிஸ்கட்

செலோடேப்பைச் சர்ரென்று இழுக்கும் சத்தம் கேட்டால் போதும், ஓட்ஸும் மாஜரினும் சேர்ந்து வேகும் வாசனை இன்றைக்கும் எனக்கு வந்துவிடுகிறது...

லூபோக் சீனா பக்கத்து எஸ்டேட்டில் எங்கள் வீடு. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வீட்டுக்கு வீடு பிஸ்கட் சுட ஆரம்பித்துவிடுவார்கள். சுட்டதைச் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அலமாரி மேலே ஏற்றிவிட வேண்டும். தீபாவளி காலையில்தான் பிரிக்கலாம். அதுவரை வீட்டு ஆட்கள் கை வைக்கவே கூடாது. உங்கள் வீட்டிலும் இந்தச் சட்டம் இருந்திருக்கும்.

ஒரே ஒரு சலுகை உண்டு. உடைந்ததும் தீய்ந்ததும் வீட்டு ஆட்களுக்கு.

அப்பா அதற்காகவே காத்திருப்பார். எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, பால் விடாமல் கோப்பி ஓ கலக்கிக்கொண்டு குசினி வாசலில் வந்து நிற்பார்.

"உடைஞ்சது இருக்கா?"

எப்படியும் நாலைந்து உடைந்திருக்கும். அம்மா தட்டில் வைத்து நீட்டுவார்.

நான் அலோர் காஜாவில் ஒரு வக்கீல் ஆபீஸில் கடிதம் டைப் அடிக்கும் கிராணி வேலைக்குச் சேர்ந்த வருடம் அது. கூட வேலை பார்த்த மலாய் அக்கா ஒருவர் ஓட்ஸ் பிஸ்கட் செய்முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ம்மா, இந்த வருசம் நீங்க ஓவன் பக்கமே வரக்கூடாது. எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

நாலு டிரே சுட்டேன். உள்ளே கிஸ்மிஸ், ஓரமெல்லாம் பொன்னிறம்... ஒன்றுகூட உடையவில்லை! ஆறவிட்டு, அடுக்கி, டேப்பும் ஒட்டிவிட்டேன்.

அப்பா கோப்பியோடு வந்தார்.

"உடைஞ்சது இருக்கா?"

"ஒன்னுகூட உடையலப்பா! சுட்டது யாரு?"

"அப்ப நல்லதுலயே ஒன்னு குடும்மா. வாசம் ஆள தூக்குது."

"தீவாளிக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கு லா. கொஞ்சம் பொறுங்கப்பா."

சிரித்தார். வெறும் கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. டப்பா மட்டும் அலமாரி மேலேயே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். என் மேலேதான். ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

பதினாறாம் நாள் படையல் போட்டார்கள். அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருந்தது. நான் டேப்பைக் கிழித்தேன். நல்லதாகப் பார்த்து நாலு பிஸ்கட்டை எடுத்து வைத்தேன். அம்மா குனிந்து அதில் ஒன்றை எடுத்தார். பட்டென்று இரண்டாக உடைத்து, கோப்பி கிளாஸ் பக்கத்தில் வைத்தார்.

"வருசா வருசம் அது தானா உடைஞ்சுச்சுன்னா நெனச்ச? உங்கப்பா கேப்பாருன்னு நாந்தான் உடைச்சு வைப்பேன்."

அன்றைக்கு நான் அழுத அழுகை... வேண்டாம், அதை எழுத முடியவில்லை.

அடுத்த மாதமே ஓவனைக் கீழே இறக்கினேன். பாயா ரும்புட்டிலிருந்து வந்து தங்கியிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, பதறிப்போனார்.

"ஏம்மா, வருசம் திரும்பல... துக்க வீட்டுல பலகாரம் சுடுவாங்களா? நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"பேசட்டும் அத்தை. இது பலகாரம் இல்ல. அம்மாவுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. கோப்பியில நனைச்சு ரெண்டு பிஸ்கட்டாச்சும் பசியாறட்டும்."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா அன்றைக்கு ஒன்று சாப்பிட்டார். மறுநாள் இரண்டு. ஊருக்குக் கிளம்பும்போது அத்தையும் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை!

இப்போது நாங்களும் எஸ்டேட்டை விட்டுப் பாயா ரும்புட் வந்தாயிற்று. அன்றைக்கு வருடத்துக்கு ஒரு தடவை கண்ணில் பட்ட ஓட்ஸ் பிஸ்கட், இன்றைக்கு எந்தக் கடைக்குப் போனாலும் பன்னிரண்டு மாதமும் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறது. இருந்தாலும் மாதம் தவறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சுடுகிறேன். மழையோ வெயிலோ, எனக்கே காய்ச்சலோ, நிறுத்தியதில்லை. "தீபாவளிக்கு ஸ்பெஷலா ஒன்னும் இல்லாமப் போயிடுமே" என்று தோழிகள் கேட்கிறார்கள். போகட்டும். வாசம் பிடித்து வந்து நிற்கிற மனுஷரை ஒன்பது நாள் பொறுக்கச் சொல்லும் ஸ்பெஷல் எனக்கு வேண்டாம். என் வீட்டு டப்பாவில் டேப் கிடையாது. இனிமேலும் கிடையாது.

போன ஞாயிறும் சுட்டேன். கை நன்றாகப் பழகிவிட்டது, ஒன்றுகூட உடையவில்லை. அம்மாவுக்கு இப்போது முட்டி வலி. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, கோப்பி கிளாஸோடு குசினி வாசலில் நின்றார்.

"உடைஞ்சது இருக்கா?"

"இருக்கும்மா" என்றேன்.

திரும்பி நின்று, சூட்டோடு ஒன்றை எடுத்து உடைத்தேன்.