குமிழியை வீட்டுக்கு அழைத்தவன்

பேய் பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நல்லேப்பிள்ளியில் எனக்கொரு பள்ளத்து வயல். இந்த வருஷம் கோடையிலேயே மழை கொட்டித் தீர்த்ததால் நெல் அறுத்து நின்ற தாள் காயவில்லை, ஈரத்தோடு சேற்றில் போட்டு உழுதுவிட்டேன். நட்டபின் பார்த்தால் மண்டையைப் பிளக்கிற வெயில். வயல் தண்ணீரில் புளுக் புளுக்கென்று குமிழி வர, களை எடுக்க இறங்கிய மாராத்தாளும் கூட வந்த பெண்களும் அலறியடித்து வரப்பேறினார்கள்.

"ஏனுங்கண்ணா, சேத்துக்குள்ள ஆரோ நடமாடறாங்க. நாங்க எறங்க மாட்டமுங்க!"

களை முந்திவிட்டால் போகமே போச்சு, எங்கள் வீட்டுச் சோறே அதுதான். வயல்களில் வாயு அளக்க வருகிற மலையாளத்துக் கல்லூரிப் பெண்ணைக் கூட்டிவந்தேன். அவள் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தண்ணீரில் கவிழ்த்துப் பார்த்தாள்.

"மீத்தேன், சேட்டா. தாள் அழுகி வருது. சூடு கூடினா இது கூடும், இது கூடினா ஊருக்கே சூடு கூடும். தண்ணிய வடிச்சுக் கொஞ்சம் காய விடுங்க."

கேட்டீர்களா என்று மீசையை முறுக்கினேன். மாராத்தாள் அசையவில்லை. "அப்ப நீங்க எறங்குங்க, பாக்கலாம்."

பட்டப்பகல்தானே என்று வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் நடந்தால் கைக்கெட்டும் தூரத்தில் குமிழியும் வரிசையாக நடக்கிறது, நான் நின்றால் நிற்கிறது! ஓடிவிடலாமென்று ஒரு காலைத் தூக்கிவிட்டேன். ஆனால் வரப்பில் அத்தனை பெண்கள், ஓடவா முடியும்? ஒருவழியாகக் கரையேறினேன். எங்கள் பக்கம் யாரிடம் விடைபெற்றாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் வரமாட்டோம், பாழாய்ப்போன வாய்ப்பழக்கம், குமிழியைத் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"செரீங்க, ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க."

மாராத்தாள் தலையிலடித்துக்கொண்டாள். "அட கெரகமே, அதையப் போயிக் கூப்புடறீங்களே!"

குமிழி அந்த நிமிஷமே நின்றது. அப்புறந்தான் மடையைத் திறந்து தண்ணீரை வடித்தேன். பெண்கள் சிரித்துக்கொண்டே களை எடுத்தார்கள், பயிர் தப்பியது.

ஆனால் எங்கள் வாசலில் மாடு தண்ணீர் குடிக்கிற சிமெண்டுத் தொட்டி இருக்கிறது, நானே தேய்த்துக் கழுவுவது, சேறும் இல்லை தாளும் இல்லை. அந்த வாரமே அதற்குள் புளுக் புளுக். மாடு வாய் வைக்க மறுத்துவிட்டது. பெட்டியோடு வந்த கல்லூரிப் பெண் அளந்துவிட்டு முகம் வெளுத்தாள். மீத்தேன் துளியும் இல்லையாம்.

"நாம விடற மூச்சு மாதிரி இருக்கு, சேட்டா," என்று கிளம்பியவள் இன்றுவரை எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

"கூப்புட்டது நீங்கதான, போகச் சொல்லுங்க," என்று பெண்டாட்டி பிடுங்கி எடுக்கிறாள். வந்தவர்களைப் போங்கள் என்று எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். நேற்றுத் தொட்டி அடங்கிவிட்டது. அப்பாடா என்று தின்பண்டம் தேடி உள்ளே போனால், சமையற்கட்டுக் குடத்துக்குள் புளுக்கென்றது.